ஒற்றைப் பத்திக்குள் அடங்கிய தீ

வராந்தாச் சுவரில் நான்கு சிவப்பு வாளிகள் தொங்கின. நான்கிலும் வெள்ளைப் பெயிண்டில் 'தீ' என்று எழுதியிருந்தது. வெறும் தீ. தீயை என்ன செய்ய வேண்டும் என்று வாளி சொல்லவில்லை. பத்மலோசனி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிர் வாளியில் பாதிதான் மணல். அதற்கு மேலே வெற்றிலை எச்சில், பீடித் துண்டு, யாரோ டீ குடித்துக் கசக்கிப் போட்ட காகிதக் கப்பு. இந்த மணலைத் தூக்கி எந்தத் தீயில் போடுவது. பக்கத்து ஆணியில் ஒரு சிவப்பு உருளை, அதன் கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு அட்டை, அட்டையில் கடைசியாகச் சோதித்த தேதி, நான்கு வருடத்துக்கு முந்தியது. உருளையின் வயிற்றில் ஆங்கிலத்தில் ஃபயர் எக்ஸ்டிங்விஷர் என்று அச்சடித்திருந்தது. எக்ஸ்டிங்விஷ், பத்து எழுத்து, ஒற்றைப் பத்தி அகலத் தலைப்பில் நிற்காது, இரண்டாம் வரிக்கு வழியும், என்று அவள் புத்தி தானாக எண்ணி முடித்தது. எண்ணியதும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. முப்பத்தோரு வருடம் ஆங்கில நாளிதழில் செய்தி திருத்திய புத்தி. சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாலும் வாசலில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில் எழுத்தை எண்ணுகிற புத்தி. எண்ணி எண்ணித்தான் இன்றைக்கு கோயமுத்தூர் கோர்ட்டு வராந்தாவில், ஆணி துருத்திய பெஞ்சில், புடவை கிழியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறது.

சம்மன் வந்தது போன வாரம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு கழிவுப் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்து, மயிலாத்தாள் என்று ஒரு தொழிலாளி உள்ளேயே செத்துப்போனாள். முதலாளிமேலும் சூப்பர்வைசர்மேலும் வழக்கு. உள்ளே ஆள் இருக்கும்போதே ஷட்டரை இறக்கினார்கள் என்று போலீஸ் சொல்கிறது. அப்படியெல்லாம் இல்லை, தண்ணீர் ஊற்றி அணைத்தோம், அந்தப் பெண்ணுக்கு விதி முடிந்துவிட்டது என்று முதலாளி சொல்கிறார். அவருடைய வக்கீல் அதற்கு ஆதாரமாகக் காட்டுவது மறுநாள் காலை பத்மலோசனியின் பத்திரிகையில் ஐந்தாம் பக்கம் வந்த ஒற்றைப் பத்திச் செய்தி. மொத்தம் பதினோரு வரி. ஊழியர்கள் தீயை 'டௌஸ்' செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. டௌஸ் என்றால் தண்ணீர் ஊற்றி அணைப்பது, அகராதி அப்படித்தான் சொல்கிறது, ஆகவே தண்ணீர் இருந்தது, ஆகவே ஷட்டர் கதை பொய். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் பார். செய்தியை அனுப்பிய பகுதிநேர நிருபர் பெத்தண்ணன் போன வருடம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் தமிழில் அனுப்பியதை ஆங்கிலமாக்கியவள் இவள். அந்தச் செய்தி உண்மை என்று சொல்ல இப்போது வேறு ஆள் இல்லை. பொய் என்று சொல்லவும் வேறு ஆள் இல்லை.

தீயை அணைப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல். வாயால் ஊதினால் ப்ளோ அவுட். திரியைக் கிள்ளினால் ஸ்னஃப். காலால் மிதித்தால் ஸ்டாம்ப் அவுட். தண்ணீர் கொட்டினால் டௌஸ். க்வென்ச்சும் தண்ணீர்தான், ஆனால் அது தாகத்தோடு போய்விட்டது. கம்பளி போட்டு மூடினால், காற்றை அடைத்தால், ஸ்மதர். என்ன செய்தார்கள் என்று தெரியாவிட்டால் புட் அவுட். தெரிந்தும் சொல்ல விருப்பமில்லாத அதிகாரிகளுக்கு எக்ஸ்டிங்விஷ். இங்கிலீஷ்காரன் கை என்ன செய்ததோ அதைச் சொல்லுக்குள் வைத்திருக்கிறான். சொல்லைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கை தெரியும். அதைத்தான் வரதன் நாசம் பண்ணினார். இல்லை, வரதன்மேல் போட்டுத் தப்பிக்கக் கூடாது. ஆனால் ஆரம்பித்தவர் அவர்தான். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது செய்தி மேசைக்குத் தலைவர். பின்னால் தூணில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார், தலைப்புக்கான சின்னச் சொற்கள் என்று. கண்டனத்துக்கு ஸ்லாம், விசாரணைக்கு ப்ரோப், எந்தத் தீயை எவன் எப்படி அணைத்தாலும் டௌஸ்ட். "ஆறெழுத்தும்மா. எந்தப் பத்தியிலயும் உட்காரும்." பட்டியலில் முன்பு ஸ்மதரும் இருந்திருக்கிறது, சிவப்பு மையால் அடித்திருந்தார். ஏன் சார் என்று கேட்டாள். "காலைல காபி குடிச்சுக்கிட்டு பேப்பர் படிக்கிறான். இந்தச் சொல்லு அவன் தொண்டைல போய் நிக்கும். எதுக்கு?" நல்ல மனுஷன். எல்லார் தொண்டைக்கும் கவலைப்பட்டவர். வரதன் ஓய்வுபெற்று, பின்னால் நான்கு பேர் வந்து போய், அந்தத் தூணை மறைத்துக் கண்ணாடித் தடுப்பு வந்து, அட்டை எந்தக் குப்பைக்குப் போனதோ தெரியாது. அது இவள் விரலுக்குள் போய்விட்டது. புதிதாக வந்தவர்களுக்கும் இவள் வாயால் அதையே சொன்னாள். ஆறெழுத்து, எந்தப் பத்தியிலும் உட்காரும்.

ஜூனியர் வக்கீல் நிரஞ்சன் கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முதலாளி தரப்பு. இருபத்தாறு வயது இருக்கும், வாயில் ஏலக்காய். "மேடம், டிபன் ஆச்சுங்களா? நம்ம கேஸு ஏழாவது. பன்னெண்டுக்குள்ள கூப்பிட்டுருவாங்க." நம்ம கேஸு. யார் கேஸுடா. "ரெண்டே கேள்விதான் மேடம். இது உங்க பேப்பரா, ஆமா. இது நீங்க எடிட் பண்ண செய்தியா, ஆமா. சீனியர் உட்கார்ந்துருவாரு." "டௌஸ்னா என்னன்னு கேட்க மாட்டாரா?" என்றாள். அவன் சிரித்தான். "அதை டிக்‌ஷனரிய வச்சே முடிச்சுட்டோம். நீங்க மெனக்கெட வேண்டாம். எதிர்ப்பக்கம் ஏதாவது கொக்கி போட்டா, மூணு வருஷமாச்சு, ஞாபகமில்லைன்னுருங்க. ஒரு நாளைக்கு எத்தனை செய்தி பார்ப்பீங்க?" "முப்பது." "அதான் மேடம். யாருக்கு ஞாபகம் இருக்கும்?" காலையில் அவளுடைய பத்திரிகையின் வக்கீலும் போனில் இதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. கேட்டதுக்கு மட்டும் பதில், தானாக எதுவும் சொல்ல வேண்டாம், இந்த வயதில் உங்கள் பெயரில் ஒரு திருத்தம் வருவது நமக்கும் அழகில்லை. திருத்தம். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம், பிழைக்கு வருந்துகிறோம். முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கட்டத்துக்குள் அவள் கை வைத்த செய்தி ஒன்றுகூடப் போனதில்லை. அலுவலகத்தில் அதற்கென்று ஒரு பேர் உண்டு அவளுக்கு. வருகிற மார்ச்சில் ஓய்வு. வழியனுப்பு விழாவில் அதைச் சொல்லத்தான் சொல்வார்கள். கேக் வெட்டுவார்கள். மெழுகுவர்த்தியை ஊதச் சொல்வார்கள்.

ஊதுவது அவளுக்குப் பிடிக்காது. கேக்கின்மேல் எச்சில் தெறிப்பது ஒன்று. இன்னொன்று, அம்மா. வீட்டில் சாமி விளக்கை வாயால் ஊத விடமாட்டாள். பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து விடுவாள். 'அணை' என்றும் சொல்லக் கூடாது. விளக்கைக் குளிர வை, அவ்வளவுதான். ஒரு திரிக்கு அவ்வளவு மரியாதை. ஒரு முறை விளையாட்டாக உஃப் என்று ஊதிவிட்டதற்கு உதட்டிலேயே அடித்தாள். வலித்தது இப்போதும் நினைவிருக்கிறது, கீழுதட்டில், இடது பக்கம். எதற்கெல்லாம் நினைவு இருக்கிறது. யாருக்கு ஞாபகம் இருக்கும் என்கிறான் ஏலக்காய்ப் பயல். எனக்கு இருக்குடா. அன்றைக்குச் சாயங்காலம் ஆறு பத்து, வெளியூர்ப் பதிப்பு ஆறரைக்கு மூட வேண்டும், ஐந்தாம் பக்கத்தில் ஒரு விளம்பரம் வராமல் போய் ஒற்றைப் பத்தி காலி. பெத்தண்ணன் ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார், அவருடைய சாய்ந்த கையெழுத்து. 'சூப்பர்வைசர் உத்தரவின் பேரில் ஊழியர்கள் ஷட்டரை இறக்கி, சந்தில் சாக்கும் மண்ணும் அடைத்துத் தீயை அடக்கினர். பின்னர் திறந்தபோது உள்ளே மயிலாத்தாள் (34) இறந்து கிடந்தார்.' இரண்டே வாக்கியம். அதில் எல்லாமே இருந்தது. யார் சொன்னது, யார் செய்தது, எதைச் செய்தது, பிறகு என்ன கிடந்தது. அவள் விரல் முதலில் சரியாகத்தான் அடித்தது. ஸ்மதர்ட் த ஃபயர். திரையில் வந்து நின்றது. அதைப் பார்த்தாள். தொண்டையில் போய் நின்றது. வரதன் சொன்ன இடத்திலேயே நின்றது. யார் காபியையும் கெடுக்க வேண்டாம். பத்தி வேறு இரண்டு வரி நீளம். ஷட்டரைத் தூக்கினாள், சாக்கைத் தூக்கினாள், சூப்பர்வைசரைத் தூக்கினாள், டௌஸ்ட் போட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பதினோரு வரி. பக்கம் ஆறு இருபத்தெட்டுக்குப் போனது, அன்றைக்கு எல்லாரிடமும் நல்ல பேர். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக் கிடைத்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

பெஞ்சின் மறு முனையில் ஒரு பெண் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், மஞ்சள் வயர்க்கூடை, காலடியில் செருப்பைச் சேர்த்து வைத்திருந்தாள் கோயிலுக்கு வந்த மாதிரி. ஜூனியர் போனதும் கூடையை நகர்த்தி நகர்த்திப் பக்கத்தில் வந்துவிட்டாள். "ஏனுங்கம்மா, நீங்க பேப்பர்க்காரங்களா?" பத்மலோசனி ஆமாம் என்றாள். "எம் பேரு தெய்வாத்தாளுங்க. மயிலாத்தா எங்கூடப் பொறந்த அக்கா." பத்மலோசனிக்கு எழுந்து போய்விட வேண்டும் போல் இருந்தது. புடவை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தது. "நானும் அங்கதான் வேலைக்கிருந்தனுங்க, எட்டு வருசம். பஞ்சுக்குத் தண்ணி ஊத்தவே கூடாதுங்க அங்க. நனைஞ்ச பஞ்ச ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. எப்பப் பத்துனாலும் ஷட்டர எறக்கி, சந்துல சாக்க அடைச்சு மண்ணப் போட்டுருவோம். காத்து இல்லீன்னா அது தன்னால அமந்துரும். மாசத்துல ஒருக்கா பத்துமுங்க. எங்களுக்குப் பழக்கம்." தெய்வாத்தாள் பேச்சில் அழுகை எதுவும் இல்லை. அடுப்பில் சோறு வைப்பது எப்படி என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "அன்னைக்கும் அப்படித்தானுங்க. நான் ஷட்டருகிட்ட நின்னேன். மயிலக்கா எங்கீங்கன்னு கேட்டேன். அவ முன்னாலயே போயிருப்பா, நீ எறக்குன்னாரு சூப்பர்வைசரு. எறக்குனனுங்க. இந்தக் கைதான்." கையைத் திருப்பிக் காட்டினாள். சாதாரணக் கை, கண்ணாடி வளையல், சுண்டுவிரலில் பழைய தழும்பு. "உள்ள டமடமன்னு சத்தங்க. பஞ்சு பேலு சரியுதுன்னாரு. நானும் பேலுன்னுதான் நெனச்சேன். அப்பறம் சத்தம் நின்னுபோச்சு. அமந்திருச்சுன்னு சொல்லி, என்னைத்தான் டீ வாங்கியாரச் சொன்னாங்க. வாங்கியாந்து குடுத்தேன்."

டீ. அதைப் பெத்தண்ணன் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் இவள் தூக்கியிருப்பாள். "இதையெல்லாம் கோர்ட்ல சொன்னீங்களா?" என்று கேட்டாள். "போன மாசமே சொன்னனுங்க. நாந்தான் எறக்குனேன்னும் சொன்னேன். எம் பேரும் கேஸுல வரும்னு எங்க ஊட்டுக்காரரு தடுத்தாரு. வந்தா வரட்டும்னு சொல்லிப்போட்டேன். அதுக்கு அந்தப் பெரிய வக்கீலு ஒரு பேப்பர நீட்டி, இதுல தண்ணி ஊத்துனாங்கன்னு இங்கிலீசுல போட்டிருக்குது, நீ யாரு சொல்லிக் குடுத்து ஷட்டரு கிட்டருங்கறேன்னு கேட்டாருங்க. ஜட்ஜையா அந்தப் பேப்பரத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதுனவங்க வந்து பார்த்தாங்களான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க." தெய்வாத்தாள் கூடையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு அவங்க வர்றாங்கன்னு சொன்னாங்க. அதுதான் ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். நாஞ் சண்டைக்கு வரலீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அங்க தண்ணி இருந்துச்சுங்களா? குடிக்கற தண்ணியவே எட்டு வருசம் கொடத்துல நாந்தான் சொமந்தேன். நீங்க யாராச்சும் வேற தண்ணியப் பார்த்திருந்தா, எங்க இருந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க. அத மொண்டு ஊத்தாமப் போனது எந் தப்புத்தான."

பத்மலோசனி தலையை நிமிர்த்தினாள். எதிர்ச் சுவரில் வாளி. தீ, தீ, தீ, தீ. கூடப் பிறந்தவளை இந்தக் கையால்தான் அடைத்தேன் என்று ஒருத்தி வந்து கூண்டில் ஏறி நின்று சொல்லியிருக்கிறாள். உலகத்தில் எவளும் பொய்யாகச் சொல்ல முடியாத ஒரு சொல். அவளைப் பொய்க்காரி ஆக்கியது என் ஆறெழுத்து. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் கை தெரியும். ஊதும் கை, கிள்ளும் கை, மிதிக்கும் கால். தெரிந்தவள் மாற்றினேன். அறியாமல் செய்திருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காது. வரதன் எங்கோ பேரப் பிள்ளைகளோடு சிட்னியில் இருக்கிறார், அவர்மேல் கோபப்பட்டு என்ன. ஏலக்காய்ப் பயல்மேல் கோபப்பட்டு என்ன, அவன் அகராதியைப் பார்த்தான், அகராதியில் சரியாகத்தான் இருக்கிறது. அகராதி சரி, பக்கம் சரி, நேரம் சரி, திருத்தக் கட்டம் சுத்தம். உள்ளே ஒருத்தி தட்டியிருக்கிறாள். முப்பத்து நாலு வயது, அடைப்புக்குறிக்குள். அந்த அடைப்புக்குறியை மட்டும் நான் விட்டுவைத்தேன், எங்கள் வழக்கம் அது, பெயருக்குப் பின்னால் வயது கட்டாயம். பேல் சரியுது என்று அவன் சொன்னான். நானும் அதைத்தான் சொன்னேன், ஆங்கிலத்தில். வரதன் தொண்டை என்று சொன்னது தப்பு, அது இன்னும் கீழே இருக்கிறது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வியர்வைதான். வராந்தா மின்விசிறி சுற்றாமல் நின்றிருந்தது. டவாலி வாசலில் வந்து நின்று, பத்மலோசனி, பத்மலோசனி, பத்மலோசனி என்று மூன்று தரம் கூப்பிட்டான். எழுந்ததில் புடவை ஆணியில் கிழிந்தது. கிழியட்டும்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சத்தியப் பிரமாணம். பெரிய வக்கீல் செய்தித்தாள் துணுக்கை நீட்டினார். பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள், மஞ்சளாகிவிட்டது. இது உங்கள் பத்திரிகையா. ஆமாம். இது நீங்கள் தயாரித்த செய்தியா. ஆமாம். "அவ்வளவுதான் ஐயா" என்று சொல்லிக்கொண்டே அவர் கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கி உட்காரப் போனார். "ஐயா, அந்தச் செய்தியில ஒரு சொல் தப்பு" என்றாள் பத்மலோசனி நீதிபதியைப் பார்த்து. வக்கீல் பாதி உட்கார்ந்தபடி நின்றார். "சாட்சி கேட்காததுக்குப் பதில் சொல்றாங்க" என்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மொழிபெயர்ப்பில் பிழையா?" "பிழை இல்லீங்க. தெரிஞ்சே மாத்தினேன். முதல்ல சரியான சொல்லைத்தான் போட்டேன். கேட்க நல்லா இல்லைன்னு எடுத்துட்டேன்." பின்னால் யாரோ இருமினார்கள். வக்கீல் எழுந்தார். "மூணு வருஷத்துக்கு முந்தின செய்தி. ஒரு நாளைக்கு முப்பது செய்தி பார்க்கிறவங்க. மூலப் பிரதி இருக்காம்மா?" "இல்லை." "அப்ப எப்படிச் சொல்றீங்க?" "முப்பதுல இருபத்தொன்பது மறந்துபோச்சுங்க" என்றாள். "இது போகலை."

நீதிபதி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தட்டச்சரிடம் திரும்பி, மெதுவாக, பழகிய குரலில் சொல்லத் தொடங்கினார்: "செய்தியில் கண்டபடி அல்லாமல், தீயானது வேறு முறையில் அணைக்கப்பட்டது என்று..." "ஐயா" என்றாள் பத்மலோசனி. தான் குறுக்கே பேசுகிறோம் என்பது தெரிந்தது, கை கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. "அணைக்கப்பட்டதுன்னு வேண்டாம். அதுக்கும் இதுக்கும் வித்தியாசமில்லாமப் போயிரும். நிருபர் எழுதினதை அப்படியே சொல்றேன், அப்படியே போடச் சொல்லுங்க." வாசலில், டவாலிக்குப் பக்கத்தில், மஞ்சள் வயர்க்கூடை தெரிந்தது. நீதிபதி கையைக் காட்டினார், சொல்லுங்கள் என்று. "சூப்பர்வைசர் உத்தரவின் பேரில் ஊழியர்கள் ஷட்டரை இறக்கினார்கள். சந்தில் சாக்கும் மண்ணும் அடைத்துத் தீயை அடக்கினார்கள். பின்னர் திறந்தபோது உள்ளே மயிலாத்தாள் இறந்து கிடந்தார். தண்ணீர் என்று அதில் எங்கேயும் இல்லை. தண்ணீரை ஊற்றியது நான்." தட்டச்சர் பாதியில் விரலை நிறுத்தி, "வேகமாச் சொல்றீங்கம்மா, முதல்லேருந்து வாங்க" என்றார். அவள் முதலிலிருந்து சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. எத்தனை எழுத்து என்று எண்ணவில்லை.